மேல்தளத்துக்குப் போகும் குழாய்

வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு செய்துகொள்ள நினைப்பவர்கள் எல்லாரும் பாய்லரைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை வருடம் உழைக்கும், விறகு மட்டும் போதுமா, நிலக்கரியும் வேண்டுமா என்று. குழாயின் பருமனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முப்பத்தோரு வருடத் தொழிலில் அதை என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெல்கிரேடிலிருந்து வந்து எங்கள் மலையில் வீடு கட்டிய எஞ்சினியர். இன்னொருவர் என் அண்ணி ஸகோர்கா.

தட்டச்சு செய்பவருக்கு நேரம் கொடுக்கச் சொன்னீர்கள். மெதுவாகவே சொல்கிறேன், ஐயா. எனக்கும் அவசரம் இல்லை.

என் பெயர் மிலிவோய். நோவா வரோஷில் என்னைத் தெரியாத வீடு குறைவு. பாதி ஊருக்குக் குழாய் போட்டது நான். மீதிப் பாதி, நான் வருவதற்காகக் காத்திருந்து அலுத்துப்போய் வேறு ஆளைக் கூப்பிட்டவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஊரில் எனக்கு இருந்த பெயரைச் சொன்னால்தான் பிறகு சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

வீட்டை நானும் என் அண்ணன் க்வோஸ்தெனும் சேர்ந்து கட்டினோம். கீழ்த்தளம் எனக்கு, மேல்தளம் அவனுக்கு, தரைக்குக் கீழே இருக்கும் அடித்தளம் பொது. அவன் ஐம்பத்தொன்பது வயதில், ஒரு ஏப்ரல் மாதம், தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் கொத்திக்கொண்டிருந்தபோது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. குழந்தைகள் இல்லை. மேல்தளம் சட்டப்படி அண்ணிக்கு வந்தது. அது சரியானதுதான். அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை.

என் மகன் ஒக்னியெனுக்கு அந்தக் கோடையில் கல்யாணப் பேச்சு நடந்தது. பெண் யாஸ்னா, நல்ல குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள்? நான் மாடிப்படி ஏறி அண்ணியிடம் போனேன். நியாயமான விலை சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், கோபப்படத் தெரியாத ஆள்.

"எங்கடா போவேன் நான், மிலிவோய்?" என்றார். "சாச்சாக்குல தங்கச்சி வீட்டுச் சமையலறையில கட்டில் போட்டுப் படுக்கவா? அவ புருஷன் காலையில வந்து தொட்டியில முகம் கழுவுவான், நான் போர்வைக்குள்ளேர்ந்து வணக்கம் சொல்லணும். வேண்டாம்பா. குளியலறை ஓடு ஒண்ணொண்ணும் உங்க அண்ணன் கையால ஒட்டினது. கோணலாத்தான் ஒட்டினான், ஆனா அவன் ஒட்டினது."

நான் வற்புறுத்தவில்லை. சரி அண்ணி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். படியில் இறங்கும்போதே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் பதினாறு படிதான். கீழே வந்து சேர்ந்தபோது எந்தக் குழாய், எத்தனை மீட்டர் என்பதுவரை என்னிடம் இருந்தது.

அதுவரை இரண்டு தளத்திலும் தனித்தனி விறகடுப்புகள்தான். தச்சன் வீட்டுக் கதவுபோல என் வீட்டு வேலை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்தச் செப்டம்பரில் மொத்த வீட்டுக்கும் சூடேற்றும் ஏற்பாடு செய்யப்போகிறேன், மேல்தளத்துக்கும் சேர்த்து, என் செலவில், அண்ணன் ஞாபகமாக என்று அறிவித்தேன். ஸகோர்கா அழுதார். என் மனைவி ஸ்தமெனா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தெருவில் இரண்டு பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஏற்பாடு எளியதுதான். அடித்தளத்தில் பாய்லர். பம்ப் வெந்நீரைக் குழாய்க்குள் தள்ளும். ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே ஒரு ரேடியேட்டர். அது சூட்டை வாங்கிக்கொண்டு ஆறிய தண்ணீரைத் திருப்பி அனுப்பும். இதில் முக்கால்வாசிக் கணக்கு குழாயின் பருமனில்தான் இருக்கிறது. எவ்வளவு நல்ல பாய்லர் வாங்கினாலும் குழாய் சிறுத்தால் சூடு போய்ச் சேராது.

அண்ணி ஒரு மத்தியானம் காப்பித் தட்டோடு அடித்தளத்துக்கு வந்தார். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து நான் குழாய் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஏன் ஒண்ணு மணிக்கட்டு மாதிரி இருக்கு, ஒண்ணு சுண்டுவிரல் மாதிரி இருக்கு? கடைக்காரன் மிச்சம் மீதியை உன் தலையில கட்டிட்டானா?"

"இல்ல அண்ணி. பாய்லர்லேர்ந்து கிளம்பும்போது மொத்த வீட்டுத் தண்ணியும் ஒரே குழாய்ல போகணும். அதுக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர். உங்க தளத்துக்குப் பிரிஞ்சு மேல ஏறுறது இருபத்திரண்டு. கடைசியில ரேடியேட்டருக்குப் போறது பதினஞ்சு போதும்."

"எல்லாத்தையும் மெலிசாவே போட்டா என்ன?"

"பாய்லர் இங்க கொதிச்சுக்கிட்டு நிக்கும், நீங்க மேல விறைச்சுக்கிட்டு நிப்பீங்க."

"பாதி அளவு குழாய்னா பாதித் தண்ணியாவது போகுமில்ல?"

"போகாது. கால்வாசிகூடத் தேறாது."

அவர் சிரித்தார். "எங்க ஃபாக்டரி மேனேஜர் மாதிரி சொல்லு. பெல்கிரேடுலேர்ந்து கிளம்பற சம்பள உயர்வெல்லாம் அந்த ஆள் வரைக்கும் வந்து நின்னுடும்."

நானும் சிரித்தேன். அவருக்கு நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்த மாணவனுக்கும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மேல்தளத்துக்குப் போகவேண்டிய பன்னிரண்டு மில்லிமீட்டர் குழாய் அப்போது என் வண்டியின் பின்பக்கம், படுதாவுக்கு அடியில் இருந்தது.

அடித்தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருபத்திரண்டு. மேல்தளத்தில் தரைக்கு மேலே வெளியே வருகிற இடத்தில் இருபத்திரண்டு. நடுவே, சுவருக்குள்ளே, நாலு மீட்டர் நீளத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு முனையிலும் பருமன் குறைக்கும் இணைப்பு வைத்துப் பற்றவைத்தேன். நல்ல பற்றவைப்பு, ஒரு சொட்டுக் கசியாது. அதற்குமேல் நானே பூசி, நானே வெள்ளையடித்தேன். அவருடைய விறகடுப்பை, இனிமேல் சாம்பல் அள்ளும் வேலை இல்லை அண்ணி என்று சொல்லி, கழற்றி இறக்கினேன். புகைபோக்கித் துளையைச் செங்கல் வைத்து அடைத்தேன். அன்று மாலை பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பீட்டா ஒரு தட்டு நிறையக் கீழே வந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நான் நினைத்தது இதுதான். குளிர் யாரையும் கொல்லாது, இடம் மாற்றும். ஒரு குளிர்காலம் போனால் அவரே சாச்சாக்குக்குப் போகிறேன் என்பார். சண்டை இல்லை, வழக்கு இல்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை. தங்கை வீட்டில் சூடாக இருப்பார். எல்லாருக்கும் நல்லது. இப்படி நினைத்தபோது எனக்கு உண்மையாகவே மனம் லேசானது.

முதல் குளிர்காலம் அவர் வீட்டுக்குள் பதினான்கு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டார். சாவி எடுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டரின் மூக்கைத் திருகிக் காற்று வெளியேற்றினேன். உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். மறுபடி போனேன். ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுத்தார். மேல்கோட்டு போட்டுக்கொண்டு மின்சார அடுப்பின் முன்னால் நின்று காப்பி போடும் பெண்ணின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது முதல் இரண்டு தடவை கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு தடவை எனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார். "அடித்தளத்துல ஈரத்துல நிக்கிற ஆளு நீ" என்றார்.

அவர் போகவில்லை. இரண்டாவது குளிர்காலத்துக்கு முன்னால், ஊர் கேட்க ஆரம்பித்துவிடுமோ என்ற பயம் எனக்கு வந்தது. மிலிவோய் போட்ட குழாய் ஏன் வேலை செய்யவில்லை என்று யாராவது கேட்டால்? அதனால் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்து மனிதர்கள் ஓநாய்க்குப் பயப்படுவதைவிடச் சன்னல் இடுக்கில் நுழையும் ஊடுகாற்றுக்கு அதிகம் பயப்படுவார்கள். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, தலைச்சுற்றல் எல்லாம் ஊடுகாற்றால்தான். உங்கள் சன்னலில் காற்று வருகிறது அண்ணி, சூடெல்லாம் அந்த வழியாகப் போகிறது என்று சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து எல்லாச் சன்னலுக்கும் கதவுக்கும் ரப்பர் பட்டை ஒட்டினேன். விரல் நுனி அளவு இடுக்குகூட விடவில்லை. வேலை என்று எடுத்தால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

ரப்பர் ஒட்டியதில் ஒரு டிகிரி ஏறியது. அவர் அதற்காக நன்றி சொன்னார். மீதிக் குளிருக்கு நான் அவர் வயதைக் காட்டினேன். ரத்தம் சுண்டிவிட்டது, தைராய்டு பார்க்க வேண்டும் என்றேன். ஸ்தமெனாவும் அதைத் தெருவில் சொன்னாள். "எங்க அக்காவைக் கொண்டுபோய் சஹாராவுல விட்டாலும் ஸ்வெட்டர் கேப்பாங்க." எல்லாரும் சிரித்தார்கள். ஸகோர்காவும் சிரித்தார். அந்த வசந்தத்துக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். சின்னதாக ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் பழகிக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். என் கணக்கு தப்பிப்போனதில் எனக்கு எரிச்சல்கூட வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குளிர்காலம், பிப்ரவரி. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பனி சன்னல் உயரத்துக்கு ஏறியது. மைனஸ் இருபத்துநாலு. மின்கம்பிகள் அறுந்து நான்கு நாள் ஊரில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் பம்ப் நின்றுவிடும். ஆனால் குழாய் பெருத்ததாக இருந்தால் சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறினது தானே இறங்கும், பம்ப் இல்லாமலே மெதுவாகச் சுற்றும். கீழ்த்தளத்துக்கு நான் தேவைக்கு மேலேயே பெருத்த குழாய் போட்டிருந்தேன். எங்கள் அறைகள் கதகதப்பாக இருந்தன. பன்னிரண்டு மில்லிமீட்டரில் அப்படி எதுவும் ஏறாது. மேல்தளத்து ரேடியேட்டர்கள் முதல் நாள் சாயங்காலத்துக்குள் கல் ஆகிவிட்டன. ஹீட்டரும் இல்லை.

முதல் நாள் அவர் எங்களோடு வந்து உட்கார்ந்தார். ஸ்தமெனா சூப் ஊற்றிக்கொண்டே, "மேல் வீட்டை வித்துட்டுப் போயிருந்தா இந்நேரம் சாச்சாக்குல கால நீட்டி உட்கார்ந்திருப்பீங்க, அக்கா" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவள் வாய் அப்படி. ஸகோர்கா சூப்பைக் குடித்து முடித்தார், தட்டைக் கழுவி வைத்தார், மேலே போனார். இரண்டாம் நாள் வரவில்லை. ஸ்தமெனா படியில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டாள். போர்வைக்குள் நன்றாக இருக்கிறேன் என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் கழிந்து மறுநாள் காலை ஸ்தமெனா பால் கொண்டுபோய்க் கொடுக்கக் கதவைத் தட்டினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அந்தக் கூப்பிடலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய தாய் வீட்டுச் செம்புக் கணப்புச்சட்டி இருந்தது. அதில் சாம்பல் வெள்ளையாக, இதழ் இதழாக இருந்தது. அவர் முகம் சிவந்து, நல்ல உடம்போடு தூங்குகிறவர் முகம்போல இருந்தது. மூடிய அறையில் தணல் விடும் நச்சுக்காற்றுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அது ஆளைக் கொல்லும்போது கன்னத்துக்கு நிறம் கொடுத்துவிட்டுப் போகும். அந்த நிறத்தை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், ஒரு மரம்வெட்டிகள் குடிசையில், இரண்டு பேரிடம்.

உங்கள் காவல் நிலைய ஆட்கள் வந்தார்கள். மருத்துவர் வந்தார். விபத்து என்று எழுதினார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. அவர்கள் பார்த்ததை வைத்து வேறு எதுவும் எழுத முடியாது. அன்று நான் கொடுத்த வாக்குமூலம் அந்தக் கோப்பில் இருக்கும். முந்தின நாள் மத்தியானம் நான் பக்கத்து வீட்டுக் கூரையில் பனி தள்ளப் போயிருந்தேன், அண்ணி தானாக அடித்தளத்துக்கு வந்து பாய்லரிலிருந்து தணல் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், எனக்குத் தெரியாது என்று இருக்கும். அது பொய்.

சாச்சாக்கிலிருந்து தங்கை தரிங்கா வந்தார். மேல்தளத்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து உடம்பைக் குலுக்கிக்கொண்டார். "இந்தக் குளிர்ல எவ இருப்பா" என்று சொல்லி வாரிசாகத் தனக்கு வந்த மேல்தளத்தை எங்களுக்கே விற்றுவிட்டார். ஏப்ரலில், ஒக்னியென் குடிவருவதற்கு முன்னால், நான் தனியாகச் சுவரை உடைத்து அந்த நாலு மீட்டரை எடுத்துவிட்டு இருபத்திரண்டு போட்டேன். பூசி வெள்ளையடித்தேன். இந்தப் பையில் இருப்பது அந்தப் பழைய குழாய்தான், எட்டுத் துண்டாக அறுத்தது. முனைகளில் இணைப்புகள் அப்படியே இருக்கின்றன. உங்கள் நிபுணர் யாராவது பார்த்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார், இது கைதவறிப் போட்டது இல்லை என்று.

இப்போது மேல்தளத்தில் இருபத்துமூன்று டிகிரி. யாஸ்னா ஜனவரியில் வெறுங்காலோடு நடக்கிறாள். "மாமா, சில நேரம் சன்னலைத் திறந்துவிட வேண்டியிருக்கு. பெரியம்மாவுக்கு உடம்புலதான் ஏதோ இருந்திருக்கு, பாவம்" என்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லும்போது நான் தலையாட்டுவேன்.

போன சனிக்கிழமை வருடத் திதி. கல்லறைக்குப் போனோம். பாதிரியார் பிரார்த்தனை செய்தார். இறந்தவர் நினைவாக ஆளுக்கொரு கரண்டி சாப்பிடும் வேகவைத்த கோதுமைத் தட்டு கைமாறிக்கொண்டு வந்தது. தரிங்கா எல்லார் முன்னாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "எங்க அக்கா போன்ல பேசும்போதெல்லாம் சொல்லுவா. என் கொழுந்தனைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாதுன்னு. நீங்க அவளுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி." கரண்டியில் கோதுமை இருந்தது. வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கல்லறையிலிருந்து வீடு வரை அதை வாயிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அதனால்தான் இன்று வந்தேன். மனசாட்சி என்றெல்லாம் எழுத வேண்டாம். விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த மத்தியானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பக்கத்து வீட்டுக் கூரையில் இல்லை. அடித்தளத்தில் பாய்லருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். மணி இரண்டு இருக்கும். அவர் படியிறங்கி வந்தார், இரண்டு கோட்டு, தலையில் சால்வை, கையில் அந்தச் செம்புச்சட்டி. இத்தனை நாள் அதில் வாடாத காகிதப் பூக்கள் வைத்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் சிரித்தார்.

"ரெண்டு கரண்டித் தணல் குடு மிலிவோய். எங்க அம்மா காலத்துல இதுலதான் கை காய்வோம்."

நான் பாய்லர் கதவைத் திறந்தேன். அவர் அதன் எதிரே நின்று கையை நீட்டிக் குளிர் காய்ந்தார். பிறகு பக்கத்தில் மேலே ஏறும் இருபத்திரண்டு மில்லிமீட்டர் குழாயை விரலால் தொட்டார். சுட்டது, சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "கோபப்படக் கூடாது. மேல போற குழாய் நடுவுல எங்கயோ மெலிசா இருக்கு இல்ல?"

நான் இன்னொரு விறகை உள்ளே தள்ளினேன்.

"நீ சொல்லிக்குடுத்த பாடம்தான். கீழ தொட்டா தோல் உரியுது. மேல தொட்டா பூனை படுத்து எந்திரிச்ச இடம் மாதிரி இருக்கு. போன வருஷமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. க்வோஸ்தென் போய் ஆறு மாசம்கூட ஆகலை நீ அந்த வேலையைச் செய்யும்போது. உன் மனசு வேலையில இருந்திருக்காது. கைக்கு வந்த குழாயைப் போட்டுட்ட. தப்பு யாருக்கும் வரும்டா."

"அண்ணி" என்றேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை. தரிங்காகிட்டகூடச் சொல்லலை. சொன்னா ஊர் என்ன பேசும்? மேஸ்திரி சொந்த அண்ணி வீட்டுக்கே குழாய் போடத் தெரியாம போட்டான்னு சிரிக்கும். அப்புறம் யார் உன்னை வேலைக்குக் கூப்பிடுவா? உன் பிழைப்பே அந்தப் பேர்லதான் இருக்கு. அதான் உன்னைக் கூப்பிடறதையும் விட்டுட்டேன். நீ வந்து வந்து அந்த மூக்கைத் திருகறதைப் பார்க்க எனக்கே சங்கடமா இருந்துச்சு, பாவம் கண்டுபிடிக்க முடியாம தவிக்கிறானேன்னு." அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பனி உருகட்டும். நாம ரெண்டு பேரும் மட்டும் இருக்கிற நாளாப் பார்த்து சுவரை உடைச்சு மாத்திடலாம். நான் பக்கத்துல நின்னு கல்லைப் பொறுக்கிப் போடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

ஒரு முழுக் குளிர்காலம், ஐயா. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு முழுக் குளிர்காலம் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு விறைத்துக் கிடந்திருக்கிறார்.

அப்போது நான் நினைத்தது ஒன்றுதான். சுவரை உடைக்கும்போது அவர் பக்கத்தில் நிற்பார். கைக்கு வந்ததைப் போட்டவன் முழுக்க ஒரே குழாயைப் போட்டிருப்பான். மேலும் கீழும் பெருத்து, மறைவான இடத்தில் மட்டும் சிறுத்து, இரண்டு முனையிலும் இணைப்பு வைத்திருப்பதைப் பார்த்தால் அவருக்குப் புரியும். பாடத்தை நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் என்னைத் திட்டமாட்டார். திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

நான் கரண்டியை எடுத்தேன். புகை விடாமல், நன்றாகச் சிவந்த தணலாகப் பார்த்து அள்ளினேன். புகை இருந்தால் இருமல் வரும், இருமினால் எழுந்து சன்னலைத் திறப்பார். இரண்டு கரண்டி கேட்டவருக்கு ஐந்து போட்டேன். சட்டி நிரம்பியது. மூடிய அறையில் தணல் வைக்காதீர்கள் என்பதை என்னிடம் பாய்லர் போட்ட ஒவ்வொரு வீட்டிலும் நான் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத் தாளின் கீழே என் கையெழுத்தில் எழுதியும் கொடுப்பேன். அவரிடம் சொல்லவில்லை.

சட்டி கனமாக இருந்ததால் நானே மேலே தூக்கிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைத்தேன். அவர் போர்வைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "சன்னலைக் கொஞ்சம் திறந்து வெக்கணுமோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணி. ஊடுகாத்து பிடிச்சுக்கும்" என்றேன். போகும்போது கதவை இழுத்துச் சாத்தினேன்.

மேல்தளத்துக்காக நான் அதைச் செய்யவில்லை. அந்த நேரத்தில் மேல்தளம் என் நினைப்பிலேயே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் செய்தேன். அவர் கடைசிவரைக்கும் என்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டு போனார். ஐயா, இத்தனைக்கும் நடுவில் அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.